காலுக்குத் தெரியாத பச்சை

பச்சைக் கதவுக்குப் பின்னால் காற்று இருக்கும். சிவப்புக் கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது, திறந்தால் விண்வெளிதான். வளையத்தில் பிறந்த குழந்தை, அம்மா என்று சொல்லப் பழகும் முன்பே இதைப் பழகிவிடும்.

வளையம் என்பது ஓர் ஊர். சைக்கிள் சக்கரம் போல வெட்டவெளியில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஊர். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் "பச்சையா?" என்று கேட்பார்கள். "பச்சைதான்" என்று பதில் வரும். நலமா, நலம் என்று அர்த்தம். சிவப்புச் சட்டை அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. யாராவது தைத்து வைத்தாலும் போட ஆள் இல்லை.

கட்டெறும்புக்குப் பத்து வயது. ஆள் சிறிது, வாய் கடிக்கும். அதனால் அந்தப் பெயர். அன்று காலை டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"புதுசா ஒரு பையன் வந்திருக்கான். காற்றுப் பயிற்சிக்கு நீதான் அவனுக்கு ஜோடி."

கட்டெறும்பு வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எங்க டீச்சர்?"

"வெளியே நிக்கிறான். உள்ள வரமாட்டேங்கிறான்."

தாழ்வாரத்தில் குண்டுப் பையன் ஒருவன் எதிர்ச்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். வகுப்பின் பச்சைக் கதவை, ஏதோ அது கடிக்கப் போவது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சுரங்கக் கப்பலிலிருந்து போன வாரம் இறங்கிய குடும்பம். வகுப்பு அதற்குள் அவனுக்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்துவிட்டது.

"ஏன் உள்ள வரல?" என்றாள் கட்டெறும்பு.

"கதவு பச்சையா இருக்கு."

"பச்சைன்னா நல்லதுதானே?"

"எங்க கப்பல்ல இல்ல" என்றான் அவன். "இன்ஜினைக் குளுர வைக்கிற விஷத் தண்ணிக்குப் பச்சைச் சாயம் கலப்பாங்க. ஒழுகினா கண்ணுக்குத் தெரியணும்ல. பச்சையைப் பார்த்தா ஓடிரணும். எங்க அண்ணன் ஓடல. இப்ப அவனுக்கு ஒரு கையில மூணு விரல்தான்."

கட்டெறும்பு தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

"இங்க அப்படி இல்லைன்னு உங்கிட்ட யாரும் சொல்லலியா?"

"எல்லாரும் சொல்லிட்டாங்க. மூளைக்குத் தெரியுது. காலுக்குத்தான் தெரியல."

"அப்ப வீட்டுக்குள்ள எப்படிப் போற?"

"அப்பா தூக்கிட்டுப் போவாரு" என்று முணுமுணுத்தான். அவன் காது சிவந்துவிட்டது.

மதியம் காற்று அதிகாரி வந்தார். மீசையைத் தவிர முகத்தில் எதுவும் அசையாத மனிதர். தாழ்வாரத்தில் நின்ற கப்பலைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"நாளைக் காலையில பயிற்சி. விளக்கெல்லாம் அணையும், பச்சை விளக்கு மட்டும் எரியும். சங்கு நிக்கிறதுக்குள்ள எல்லாரும் அவங்கவங்க காலால கதவுக்குள்ள போகணும். தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது."

"இவன் போகலைன்னா சார்?" என்றாள் கட்டெறும்பு.

"நிஜமா ஒருநாள் சுவர்ல ஓட்டை விழுந்தா, இவனுக்காகக் கதவைத் திறந்து வைக்க முடியுமா? பச்சைக்கு ஓடத் தெரியாதவங்க இங்க குடியிருக்க முடியாதும்மா. அடுத்த கப்பல்ல குடும்பத்தோட திரும்பிப் போகணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம். கோபம் என்றால் நாளைக்குத் தணியும்.

பள்ளி விட்டதும் வகுப்பே கூடி முயன்றது. "கண்ணை மூடிட்டு ஓடச் சொல்லு" என்றான் நெட்டையன். கப்பல் கண்ணை மூடிக்கொண்டு ஓடினான். கதவுக்கு ஒரு அடி இருக்கும்போது கால் தானாக நின்றுவிட்டது. உடம்பு நிற்கவில்லை, நெற்றி நிலைப்படியில் மோதிப் புடைத்ததுதான் மிச்சம்.

"கண்ணை மூடினாலும் உள்ள பச்சையாவே தெரியுது" என்றான் நெற்றியைத் தேய்த்தபடி.

"பயந்தாங்கொள்ளி" என்றான் நெட்டையன்.

கப்பல் அவனை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நீ போய் அந்தச் சிவப்புக் கதவைத் தொடு."

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு சிவப்புக் கதவு இருந்தது. பூட்டியது, பற்றவைத்தது, நூறு பேர் தள்ளினாலும் திறக்காதது. எல்லோருக்கும் தெரியும். நெட்டையன் தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்தான். பாதி வழியில் அவனுக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கும் அப்படியே.

கட்டெறும்பு மட்டும் கதவு வரை போனாள். கையை நீட்ட முயன்றாள். கை நீளவில்லை. தொடு என்று சொல்லிப் பார்த்தாள். அது யார் கையோ என்பது போலச் சும்மா தொங்கியது.

"தெரியுதா?" என்றான் கப்பல், பின்னால் இருந்து.

"தெரியுது" என்றாள் அவள். "உங்க கப்பல்ல எது நல்ல நிறம்?"

"சிவப்பு. கணப்பு அடுப்பு சிவப்பா இருக்கும். எல்லாரும் அங்கதான் உக்காருவோம்."

கட்டெறும்பின் அம்மாவுக்குக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. அன்று மாலை அவர் பச்சை டப்பாவையும் சிவப்பு டப்பாவையும் மூடிக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"அம்மா, சிவப்புல என் கையை முக்கணும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சலா?"

விஷயத்தைச் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "பெயிண்ட் பெயிண்ட்தான். நான் தினமும் தொடுறேன். அக்கம்பக்கத்துக்காரங்கதான் நான் கை கழுவுற வரைக்கும் பத்தடி தள்ளி நிப்பாங்க."

கட்டெறும்பு கண்ணை மூடிக்கொண்டாள். கையை முக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சிவப்புக் கையோடு பள்ளித் தாழ்வாரத்துக்கு ஓடினாள். கப்பல் அங்கே தன் அப்பாவோடு இன்னும் முயன்றுகொண்டிருந்தான். அவர் சாதாரண விளக்கை அணைத்துவிட்டுப் பச்சை விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார். கட்டெறும்பு கதவுக்குள் போய் நின்று கையைத் தூக்கினாள்.

"இங்க பாரு. உனக்காகச் சிவப்பு."

கப்பல் கண்ணைச் சுருக்கினான். "கறுப்பா இருக்கு."

அவளும் பார்த்தாள். பச்சை வெளிச்சத்தில் அந்தக் கை கரி பூசியது போல இருந்தது. அவ்வளவு பயந்து பூசிய சிவப்பை அந்த வெளிச்சம் ஒரு நொடியில் விழுங்கிவிட்டது.

கப்பலின் அப்பா சிரிக்க முயன்றார். வரவில்லை. "பரவாயில்லம்மா. நீ வந்ததே பெருசு" என்றார். அவர்கள் வீட்டில் அன்று மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் சங்கு அலறியது. விளக்குகள் அணைந்தன. வகுப்பின் கதவில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. பிள்ளைகள் இருட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கதவுக்குள் ஓடினார்கள். கட்டெறும்பு கப்பலோடு சேர்ந்து ஓடினாள். கதவுக்குப் பத்தடி முன்னால் அவன் நின்றுவிட்டான்.

"நீ போ" என்றான்.

"வா."

"போன்னு சொல்றேன்ல."

அவள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் அவன் எங்கே என்று தெரியவில்லை. இடுப்பு வாரில் எல்லோருக்கும் ஒரு டார்ச் இருந்தது. எடுத்து அடித்தாள். வெளிச்சம் நேராக அவன் கண்ணில் குத்தியது. அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஐயோ, கண்ணு கூசுதா?" என்று அவசரமாக டார்ச்சின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

கை எரிந்தது. சூட்டால் அல்ல, வெளிச்சத்தால். விரல் இடுக்குகள், விரல் நுனிகள், உள்ளங்கையின் ஓரம் எல்லாம் கணகணவென்று சிவந்து நின்றன. பச்சை விளக்கு அதைத் தொடக்கூட இல்லை.

அவளுக்குப் பின்னால் யாரோ வீறிட்டார்கள். கட்டெறும்பு கையை எடுக்கவில்லை. உயரத் தூக்கினாள்.

கப்பல் முகத்திலிருந்து கையை இறக்கினான். "அது என்னது? பெயிண்ட்டா?"

"இல்லடா. பெயிண்ட்டை நேத்தே கழுவிட்டேன். வெறும் கை."

"உனக்குள்ள சிவப்பா?"

"எல்லாருக்கும் உள்ள அதுதான். இல்லாட்டிச் செத்திருப்போம். பேசாம இதையே பார்த்துட்டு வா."

சங்கின் ஒலி இறங்கத் தொடங்கியது. கப்பல் ஓர் அடி வைத்தான். அவன் கதவைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தான். இன்னோர் அடி. நெட்டையன் தன் டார்ச்சை எடுத்தான். அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினான். "கொஞ்சம் வேகமா வாயேன்டா" என்றான். அவன் பக்கத்தில் இன்னொரு கை சிவந்தது. பிறகு இன்னொன்று.

கப்பல் ஓடினான். நிலைப்படியைத் தாண்டினான். சங்கு நின்றது. கதவு மூடியது.

விளக்குகள் வந்ததும் காற்று அதிகாரி உள்ளே நுழைந்தார்.

"கதவுகிட்டச் சிவப்பு காட்டினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் கட்டெறும்பு. "கை சார் அது."

அவர் தன் டார்ச்சை எடுத்துத் தன் கையை அதன்மேல் வைத்தார். சிவந்தது. வெகுநேரம் பார்த்தார். மீசை மட்டும் லேசாக அசைந்தது.

"இவனை யாராவது தூக்கினீங்களா?"

"இல்ல சார்."

"இழுத்தீங்களா?"

"இவனையா? இழுத்துப் பாருங்க சார், அப்பத் தெரியும்" என்றான் நெட்டையன்.

"அப்ப உள்ள வந்தாச்சு" என்றார் அதிகாரி, கப்பலைப் பார்த்து. "போய் உங்க அப்பாகிட்ட மூட்டையைப் பிரிக்கச் சொல்லு."

அவர் போன பிறகும் கப்பல் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"இன்னும் கால் நடுங்குது" என்றான் மெதுவாக.

"நடுங்கட்டும்" என்றாள் கட்டெறும்பு. "இப்ப உள்ள நின்னுதானே நடுங்குது."