பெரியம்மாவுக்கு ஒரு "ஹா"

தீயணைப்பு நிலையத்தில் அந்தப் பழைய வண்டியை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அது தீயணைக்கப் போய் ஐம்பது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் முன்னால் தொங்கும் பித்தளை மணியும் இரண்டு பித்தளை விளக்குகளும் அப்படி மின்னும்.

அன்று காலை நிலையத்தின் காலண்டருக்காகப் பெரியம்மாவைப் படம் பிடிக்க வாலுவின் சித்தி வந்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் வேலை. கேமரா பையைச் சுமந்துகொண்டு வாலுவும் கூட வந்தாள். வாலுவுக்கு ஒன்பது வயது. நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பத்து மணிக்குள் நல்ல படம் வேண்டும், இல்லாவிட்டால் காலண்டரில் புது வண்டியைப் போட்டுவிடுவோம் என்று நிலைய அதிகாரி சொல்லிவிட்டார்.

சித்தி எடுத்தாள். படத்தைப் பார்த்தால், மணிக்குள் சித்தி நிற்கிறாள், பூசணிக்காய் முகத்தோடு. இந்த விளக்கில் ஒரு சித்தி, அந்த விளக்கில் ஒரு சித்தி. தள்ளி நின்று எடுத்தாள், குனிந்து எடுத்தாள், தரையில் படுத்தும் எடுத்தாள். மணிக்குள் ஒரு சித்தி படுத்திருந்தாள்.

"இது பெரியம்மா படமா, உங்க படமா?" என்று கேட்டார் ஓட்டுநர் மாமா. மணியில் ஏதோ அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார். அடுத்த படத்தில் சித்தியின் மூக்குக்கண்ணாடிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

கொஞ்சம் பவுடர் பூசினால் பளபளப்பு அடங்கும் என்றாள் சித்தி, தயங்கித் தயங்கி.

மாமா இரண்டு கையாலும் மணியை மூடிக்கொண்டார். "மூணு நாளா தேய்ச்சிருக்கேம்மா. அவ மூஞ்சில மாவைப் பூசச் சொல்றீங்களே."

மணி ஒன்பதே முக்கால். சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஹா" என்று மூச்சு விட்டுத் துடைக்கப் போனாள். அழுகை வரும்போதெல்லாம் அவள் அப்படித்தான் செய்வாள்.

வாலு அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். பால் மாதிரி வெளுத்தது, சித்தி துடைக்குமுன்பே தானாகத் தெளிந்தது.

நேராக மணியிடம் போனாள். காலையில் வண்டியைக் கழுவியதில் அது இன்னும் சில்லென்று இருந்தது. வாயை அகலத் திறந்து, "ஹா."

மணிக்குள் இருந்த சித்தியைக் காணோம். நாலு எண்ணுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"மாமா, எதையும் பூச வேணாம். மூச்சு விட்டா போதும், தானா போயிடும்."

மாமா மணியைத் தடவிப் பார்த்தார். ஒரு கறையும் இல்லை. "காத்துதானே. பெரியம்மா கோவிச்சுக்க மாட்டா."

ஆனால் ஒரு வாய் எப்படிப் போதும்? வீரர்கள் எல்லோரும் வந்தார்கள். மணிக்கு இரண்டு பேர், விளக்குக்கு இரண்டிரண்டு பேர் என்று வாலு பிரித்து நிறுத்தினாள். மூணு சொன்னதும் "ஹா", உடனே குனிந்துவிட வேண்டும்.

முதல் தடவை ஒருவருக்குச் சிரிப்பு வந்து எல்லாம் கெட்டது. இரண்டாவது தடவை மாமாவின் வழுக்கைத் தலை மூன்றாவது விளக்கு மாதிரி படத்தில் நின்றது. மூன்றாவது தடவை ஆள் போதாமல் அதிகாரியே வந்து மூச்சு விட்டார்.

கிளிக். பெரியம்மா மட்டும், அவ்வளவு அழகாக. மணி பத்தாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

எல்லோரும் கலையப் போகும்போது மாமா சித்தியிடம் மெல்லக் கேட்டார். "மூச்சு விடாம ஒண்ணு எடுங்களேன். நான் தேய்ச்சதும் தெரியணும்ல."

சித்தி எடுத்தாள். மணிக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள், பூசணிக்காய் முகங்களோடு. நடுவில் வாலு.

முதல் படம் காலண்டரில் வந்தது. இரண்டாவது படம் நிலையத்துச் சுவரில் தொங்குகிறது. ஏன் இரண்டு என்று யாராவது கேட்டால், மாமா துணியை மடித்துக்கொண்டே சொல்வார்:

"அது பெரியம்மா தனியா எடுத்துக்கிட்டது. இது குடும்பத்தோட."