ஈரவிருந்தாளி

மணி மூன்றரை. சுவரிலிருந்த ஈரமானி முப்பத்தொன்று காட்டியது. நிரோஜன் அதைப் பார்த்தார், சமையலறைக்குப் போனார், திரும்பி வந்து மறுபடி பார்த்தார். முப்பத்தொன்றுதான். நாலு மணிக்குள் அது இருபத்தெட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் இன்றைக்கு அழைப்புப் போகாது. அழைப்புப் போகாவிட்டால் பிரசாந்தினி வரமாட்டாள்.

புதுச் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் போட்டு வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை அவர் கடை கடையாகக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தார். இன்னும் நூறைக் கத்தரித்துத் தட்டுகளில் கொட்டி, கூடத்தில் வரிசையாக வைத்தார். தான் விடுகிற மூச்சும் ஈரம்தானே என்று அப்போது உறைத்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போய், மைனஸ் முப்பது குளிரில் வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயது மனிதர், தன் வீட்டுக்குள் மூச்சு விடக்கூடாது என்பதற்காக.

வெண்புலம் நகரத்தில் குளிர்காலம் ஆறு மாதம். வீடுகளைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். அடைத்த வீட்டுக்குள் ஈரம் பெரிய தலையிடி. ஏழு பேர் சமைத்துக் குளித்துப் பேசுகிற வீட்டில் கண்ணாடி வியர்த்து, சுவரில் தண்ணீர் வழிந்து, மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். தனி ஆள் வீட்டிலோ உதடு வெடிக்கும், மூக்கால் இரத்தம் வரும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் அடிக்கும். ஈரத்தைக் கூட்டுகிற பெட்டி, குறைக்கிற பெட்டி இரண்டையும் மின்சாரத் தட்டுப்பாட்டில் தடை செய்து ஒன்பது வருடமாகிறது.

அப்போதுதான் ஒரு கெட்டிக்காரப் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்தது. மனித உடம்பு மூச்சாலும் வியர்வையாலும் நாளைக்கு ஒரு லீட்டர் அளவு தண்ணீரைக் காற்றில் விடுகிறது. மின்சாரம் கேட்காமல் தானே நடந்து போகிற ஈரமூட்டி! ஈரம் கூடிய வீட்டிலிருந்து ஆளைக் கிளப்பிக் காய்ந்த வீட்டுக்கு அனுப்பினால் இரண்டு வீடும் தப்பும். நகரத்து ஈரமானிகளை எல்லாம் கோத்து, யார் எங்கே போவது என்று தீர்மானிக்கும் இயந்திரத்துக்கு ஈரச்சமனி என்று பெயர் வைத்தார்கள். அது அனுப்பும் ஆள் ஈரவிருந்தாளி. ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது. இப்போது அழைப்பில்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

பிரசாந்தினியின் வீடு நிரோஜனின் பின்வேலிக்கு அந்தப் பக்கம். பல்வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் தொழில், பல்லச்சுகளைக் கொதிநீரில் வேகவைப்பதால் தனி ஆள் வீடானாலும் கொஞ்சம் ஈரம் கூடத்தான். கார்த்திகையில் முதல் அழைப்புக்கு வந்தபோது கதிரையின் நுனியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி இரண்டு மணி நேரத்தைக் கழித்தாள். அடுத்த வாரம் பல்லுக் கதைகள் தொடங்கின. சிரிக்கத் தெரியாதவர்கள்தான் வெள்ளை வெளேரென்ற பல் கேட்பார்களாம். இருபத்தேழு வருடம் பேருந்து ஓட்டி, மனிதர்களைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துப் பழகிய நிரோஜனுக்கு இப்படி எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுவதே அதிசயமாக இருந்தது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் நாலு வருடமாகப் பேசியது குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான்.

முதலில் அவரை அவள் 'அண்ணை' என்றாள். மார்கழியில் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள், வேறு சொல் எதையும் பிடிக்கவும் இல்லை. அதைக் கவனித்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இயந்திரம் அனுப்புவதால் வருகிறாளா, வர விரும்பி வருகிறாளா? கேட்க வாய் வரவில்லை. கேட்பதைவிட வீட்டைக் காயவைப்பது சுலபமாக இருந்தது. குளிக்க நகரத்து நீச்சல் குளத்துக்குப் போனார். சமைப்பதை நிறுத்திக் கடையில் வாங்கிய பாண் ரொட்டியைக் கடித்தார். தேநீரைக்கூடக் கடையில் வாங்கிச் சுடுநீர்ப் போத்தலில் வைத்திருந்தார், வீட்டில் கொதிக்கவைத்தால் ஆவி பறக்குமே என்ற பயம்.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் முள் இருபத்தேழைத் தொட்டது. தெருவைச் சுற்றி ஆறு நிமிடம் நடந்து அவள் வந்தாள், இருமிக்கொண்டே வந்தாள். அவருடைய கைக்குட்டையில் இரத்தத்தைக் கண்டு என்னவென்று கேட்டாள். குளிர் என்றார். அவளுடைய இருமலைப் பற்றி இவர் கேட்க, அவளும் குளிர் என்றாள்.

மறுநாள் காலை நகராட்சியிலிருந்து சுகிர்தன் என்ற தொழில்நுட்பவியலாளர் வந்தார். ஈரமானியைக் கழற்றிப் பார்த்தார். ஜன்னலில் நகராட்சி ஒட்டிய முத்திரை கிழியாமல் இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறப்பது ஊரின் சூட்டைத் திருடுவது என்பது சட்டம். நல்ல வேளையாக, தட்டுகள் எல்லாம் கட்டிலுக்கடியில் இருந்தன.

"ஐயா, உங்கட வீடு ஏன் இப்பிடிக் காயுது எண்டு எங்களுக்கு விளங்கேல்ல. பின்வீட்டுக் கதையும் விளங்கேல்ல. அங்க இருக்கிறது ஒரே ஒரு ஆள், ஆனா ஏழு பேரின்ர ஈரம் அடிக்குது."

ஏழு பேரின் ஈரம். அந்த இருமல் குளிரால் வந்ததல்ல என்று அவருக்குப் பட்டது. வீட்டை வேண்டுமென்றே ஈரமாக்கி, அவளும் அங்கே இருந்தபடி இதே வேலையைத்தான் பார்த்திருக்கிறாள்! வயதை மறந்து துள்ள வேண்டும்போல் இருந்தது. சுகிர்தன் அதற்குள் அடுத்த செய்தியைச் சொன்னார். இரண்டு வீட்டையும் நிரந்தரப் பழுதாக ஈரச்சமனி பதிந்துவிட்டது. வேலிக்கு மேலால் ஒரு காற்றுக்குழாய் போட்டு, அவளுடைய ஈரத்தை நேராக இங்கே கொண்டுவரப் போகிறார்கள். இந்தக் குளிரில் இனி யாரும் அலையத் தேவையில்லை.

வியாழக்கிழமை குழாய் வந்தது. ஈரமானி நாற்பதில் அசையாமல் நின்றது. நிரோஜனின் உதடு ஆறியது, மூக்கும் ஆறியது. நாலு மணியானதும் அவர் எழுந்து வாசலுக்குப் போனார், வந்தார், போனார். வெள்ளிக்கிழமை குழாயின் வாய்க்குள் ஒரு தலையணையைத் திணித்தார். முள் விழுந்தது. ஆனாலும் அழைப்புப் போகவில்லை. 'குழாயைச் சரிபார்க்க ஆள் வருவார்' என்று திரையில் எழுத்து ஓடியது. இயந்திரத்துக்கு இப்போது மனிதரைவிடக் குழாயில் நம்பிக்கை.

சனிக்கிழமை, நாலு மணிக்குக் காத்திருக்காமல், மதியமே அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருவில் ஒரு குருவி இல்லை. ஆறு நிமிட நடையில் மூன்று தடவை வீட்டுக்கே திரும்பிவிடப் பார்த்தார். என்னவென்று சொல்வது? இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அவருக்கோ அவளுக்கோ காரணம் தேவைப்படவில்லை, அதை இயந்திரம் வைத்திருந்தது.

கதவு திறந்ததும் உள்ளேயிருந்த ஈரக்காற்று குளிரில் பட்டுப் புகையாக எழுந்தது. அதற்குள் பிரசாந்தினியின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அழைப்பு வரேல்லையே. என்னத்துக்கு வந்தனீங்கள்?"

நிரோஜன் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டினார்.

"சும்மாதான்."

அவள் விலகி வழிவிட்டாள்.

கூடத்தின் குறுக்கே கொடி கட்டி ஆறு ஈரச்சேலைகள். அடுப்பில் மூடியில்லாத இரண்டு பானைகளில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூரை மூலைகள் கறுத்திருந்தன. அவள் பானைகளை மறைக்கப் பார்த்து, பிறகு அதைக் கைவிட்டாள். குழாய் வந்த பிறகு ஏன் இது என்று அவர் கேட்டார்.

"குழாயைத் தோற்கடிக்கப் பாத்தனான்," என்றாள், தரையைப் பார்த்தபடி.

அவர் தலையணையைப் பற்றிச் சொன்னார். பொட்டலங்களையும் சொன்னார். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. குழாயை அடைத்து, தன் பங்குக்கு அவரும் அல்லவா அவள் நெஞ்சில் பூஞ்சணம் ஏற்றியிருக்கிறார்.

சுவர்த்திரை கூவியது. 'ஈரம் அறுபத்தாறு. ஒரு ஆள் அதிகம். ஒருவர் உடனே வெளியேற வேண்டும்.' நாலு தெரு தள்ளி ஏதோ ஒரு வீட்டு முகவரி அதன் கீழே மின்னியது. நிரோஜன் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார், கை மேலங்கிக்குப் போனது.

"இருங்கோ," என்றாள்.

அடுப்பை அணைத்தாள். ஜன்னலருகே போனாள், நகராட்சி முத்திரையை நகத்தால் கிழித்தாள், இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். மைனஸ் முப்பது உள்ளே பாய்ந்தது. சேலைகள் விறைத்தன. இருவரும் ஒரே போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க, ஈரமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபது. ஐம்பத்தொன்று. நாற்பத்துநாலு. ஐந்து நிமிடத்தில் நாற்பது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். சுவர்கள் சூட்டை வைத்திருந்தன, அறை திரும்பவும் இதமானது. திரையிலிருந்த முகவரி தானாக மறைந்தது.

"இவ்வளவுதானோ?" என்றாள். "ஒன்பது வருஷமா இதுக்கோ இந்தப் பாடு? எல்லாருக்கும் சொல்லவேணும்."

நிரோஜன் வெளியே பார்த்தார். யாரோ ஒருவர் கழுத்துச்சால்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. இரண்டு பேரும் ஏதோ பேசியபடி உள்ளே போனார்கள்.

"சொல்லாதேங்கோ," என்றார். "தெரிஞ்சால் பிறகு ஆரும் ஆரிட்டையும் போகமாட்டினம்."

அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து பல் ஒட்டுகிற பசையை எடுத்து வந்தாள். கிழிந்த முத்திரையின் ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியை அவள் கவனமாக ஒட்டினாள்.