ஆறாவது சந்தில் யாருமில்லை

காலை ஆறு நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது.

எஸ்தர் குழாயை மீண்டும் திருகிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். சந்து முனையில் அறிவிப்புப் பலகையின் முன்னால் கூட்டம். பலகையில் நான்கு வரிகள் ஒளிர்ந்தன.

ஆறாவது சந்து, வியாசர்பாடி.
நிலை: மாறிய தெரு.
குடியிருப்போர்: யாருமில்லை.
உணவக வளாகக் கட்டுமானம்: இன்று பகல் பன்னிரண்டு மணி.

சந்தில் அறுபத்திரண்டு வீடுகள். அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடி உன் கொழுந்தன்?" என்றாள் பவுலினா. "கூப்டு அந்த இஞ்சினியர."

இமானுவேல் இஞ்சினியர் இல்லை. நகரச் சுவைத்துறையில் நாவறிகளைக் கழுவித் துடைக்கும் வேலை. நாவறி என்பது சாக்கடை மூடிக்கு அடியில் பொருத்தப்பட்ட, உள்ளங்கை அளவுக் கருவி. ஒரு தெரு என்ன தின்கிறது என்பதை அது கழிவுநீரிலிருந்து அறியும். என்ன தின்கிறார்கள் என்று தெரிந்தால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். நகரம் கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆட்கள் கையூட்டு வாங்கினார்கள், பொய்ப் பெயர்கள் எழுதினார்கள். நாவறி எதுவும் வாங்காது. மக்களே அதைக் கேட்டு ஊர்வலம் போனார்கள். எஸ்தரும் போனாள்.

நாவறிக்குத் தெருக்கள் மூன்று வகை. பழைய சுவை மட்டும் இருந்தால் தேங்கிய தெரு. அங்கே எதுவும் வராது. பழையதோடு புதியது கலந்தால் வளரும் தெரு. மழைநீர்க் கால்வாய் வரும், விளக்கு வரும், இருப்பவர்களுக்கே உணவக உரிமம் கிடைக்கும். மூன்றாவது வகை, மாறிய தெரு. அதை இமானுவேல் யாருக்கும் சொல்லவில்லை. அது இந்தச் சந்துக்கு வரும் என்று அவன் நினைக்கவில்லை.

எஸ்தருக்கு அந்த உரிமம் வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக வாசலில் சோறும் கருவாட்டுக் குழம்பும் விற்கிறாள். உரிமம் இல்லையென்று மாதம் ஒருமுறை மாநகராட்சி ஆட்கள் வந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

வழி சொன்னது இமானுவேல்தான். சந்துப் பெண்களில் பாதிப் பேர் அண்ணாநகரின் புதிய உணவகங்களில் பாத்திரம் கழுவுகிறார்கள். ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி, காளான் சாறு. அந்தக் கழுவிய தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து நம் சாக்கடையில் ஊற்றுங்கள், நாற்பது நாள் ஊற்றினால் போதும் என்றான். மறுநாளே அவனைச் சோழிங்கநல்லூருக்கு மாற்றினார்கள். நேற்றுத்தான் திரும்பி வந்தான்.

இப்போது பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து பலகையைப் படித்தான். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

"அண்ணி, தண்ணி ஊத்துனீங்க சரி. நம்ம சாப்பாடு?"

"அத விட்டுட்டோம்டா."

"விட்டுட்டீங்களா?"

"நாப்பது நாளுன்னு சொன்ன. தவக்காலம் வேற. கருவாடு இல்ல, கறி இல்ல. வெறும் கஞ்சி. அம்மன் கோயில் பக்கத்து வீட்டுக்காரங்க, எங்களுக்கு வெரதம் இருக்கத் தெரியாதான்னு அவங்களும் சேந்துக்கினாங்க."

"ஒருத்தர்கூடவா கருவாடு துன்னல?"

"ஞாயித்துக்கெழமகூட தொடல" என்றாள் பவுலினா. அவள் குரலில் இன்னும் பெருமை இருந்தது.

இமானுவேல் சாக்கடை மூடியின் மேல் உட்கார்ந்தான். "கஞ்சி நாவறிக்குத் தெரியாதுக்கா. அரிசி எல்லாரும் துன்றது. பழைய சுவ ஒரு சொட்டு இல்லன்னா பழைய ஆளுங்க காலி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். கலப்பு வேணும். நான் வெரதமா இருக்கச் சொன்னேன்?"



ஒன்பது மணிக்குத் துறை அதிகாரி தாட்சாயணி வந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டுவண்டி சந்து முனையை அடைத்து நின்றது. ஒரு வீட்டை இடித்து, அந்த இடிபாட்டை அரைத்து, அதிலேயே புதிய சுவர் எழுப்பும் இயந்திரம். ஓட்டுநர் கிடையாது.

சந்து காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தாட்சாயணி வந்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றாள்.

"நீங்கல்லாம் யாரு?"

"இங்க கீறவங்க" என்றாள் எஸ்தர்.

தாட்சாயணி கைத்திரையைப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். ஆட்சேபம் பதிவு செய்தாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ஆட்சேபம் குடியிருப்போர் பெயரில் இருக்க வேண்டும். குடியிருப்போர் யாருமில்லை.

"நீங்களே கண்ணால பாத்தேன்னு போடுங்க மேடம்" என்றாள் எஸ்தர்.

"போட்டேம்மா. கண்ணால பாத்தது செல்லாதுன்னு வருது."

"ஏன் செல்லாது?"

"ஆளுங்க சொல்றத நம்பாதீங்கன்னு நீங்கதானம்மா ஊர்வலம் போனீங்க."



"நாவறி மணிக்கொரு தடவ படிக்கும்" என்று இமானுவேல் எழுந்தான். "இப்ப காட்டிடலாம். அண்ணி, அடுப்ப பத்த வையுங்க."

டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. எஸ்தர் பெரிய அண்டாவை ஏற்றினாள். நெத்திலி, வாளை, வீட்டுக்கு வீடு பரண்மேல் கட்டி வைத்திருந்ததெல்லாம் வந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு அந்த வாசம் சந்தில் எழுந்தபோது ஆட்கள் சிரித்தார்கள்.

"ஈஸ்டர் முன்னாடியே வந்துடுச்சுடி" என்று பவுலினா தட்டை நீட்டினாள்.

எல்லோரும் நின்றுகொண்டே தின்றார்கள். மீந்த குழம்பைச் சாக்கடையில் ஊற்றினார்கள். தாட்சாயணிக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். அவளும் தின்றாள்.

பதினொரு மணிக்குத் திரை ஒலித்தது. இமானுவேல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"வந்துடுச்சு. இருநூத்திப் பதினாலு பேரு! அண்ணி, எண்ணிடுச்சு!"

சந்து ஆர்ப்பரித்தது. தாட்சாயணி மட்டும் அடுத்த வரியைப் படித்தாள். பிறகு அதை உரக்கப் படித்தாள்.

"வகை, கட்டுமானத் தொழிலாளர்."

காலியான தெருவில் திடீரென்று கருவாட்டு வாசம் வந்தால் அதற்கு என்ன பொருள் என்று நாவறிக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளில் அது ஒருமுறையும் தவறவில்லை. இடிக்கும் வேலைக்கு வருகிறவர்கள் அதைத்தான் தின்றார்கள்.

"ஆட்கள் வந்துவிட்டதால் பன்னிரண்டு மணி வரை காத்திருக்கத் தேவையில்லை." அதுவும் திரையில் இருந்தது.

கட்டுவண்டியின் கை விரிந்தது. தாட்சாயணி திரையில் நிறுத்து என்பதை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"தொழிலாளர்களுக்கு வணக்கம்" என்றது வண்டி. கனிவான பெண் குரல். "முதல் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிடவும்."

முதல் வீடு பவுலினாவுடையது. வண்டியின் கை அவள் கூரைக்கு மேலே வந்து நின்றது. அவள் ஓடினாள். அரிசி டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகன்கள் கட்டிலைத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பீரோவுக்குக் கை கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கூரை இடிந்து இறங்கியது.

"வேலை நன்றாக நடக்கிறது. நன்றி" என்றது வண்டி. "அடுத்த வீடு."

அது எஸ்தருடையது. அவள் உள்ளே போனாள். எதையும் எடுக்கவில்லை. நடு அறையில் நின்றாள். ஜன்னல் வழியாக வண்டியின் கை தெரிந்தது.

"அண்ணி, வெளிய வாங்க!" இமானுவேல் வாசலில் நின்று கத்தினான். "அண்ணி!"

"வெளிய வந்தா நான் இடிக்க வந்த கூலிக்காரி. உள்ள நின்னா அதுக்கு நான் இன்னாடா, இமானுவேலு?"