இடுப்பில் ஒரு தேய்பிறை

காலை எட்டு மணிக்குத் தூத்துக்குடி மூட்டு நிலையத்தின் கண்ணாடித் தரைக்கு அடியில் நீல ஒளி ஊறத் தொடங்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் பன்னிரண்டு அடி நடப்பார்கள். உடலுக்குள் இருக்கும் உலோக மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஒளியுணரிகள் படம்பிடித்துத் திரையில் காட்டும். அதைப் படித்துச் சொல்வது மெல்கியோரின் வேலை. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே, பழைய பஜாரை மூடிக்கொண்டு கிடக்கிற அதே கடல்.

சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு புதிய உலோகம் கிடையாது. ஒருவர் இறந்தால் அவருடைய மூட்டு இன்னொருவருக்குப் போகும். மெருகு போட்டால் அளவு குறைந்துவிடும் என்பதால், மூட்டின் குண்டையும் அது சுழலும் கிண்ணத்தையும் தேய்ந்தது தேய்ந்தபடியே பொருத்துவார்கள். பெற்றுக்கொண்டவர் மூன்றே மாதத்தில் அந்தத் தேய்மானத்தின் போக்கில் நடக்கப் பழகிவிடுவார். அது யாருடைய மூட்டு என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அது சட்டம்.

அன்று வந்தவள் செண்பகவல்லி, மிதவைப் பள்ளியின் புதிய ஆசிரியை. கோவில்பட்டியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தாள். அவள் நடந்ததும் திரையில் இடது இடுப்பின் குண்டு தெரிந்தது. அதன் மேல்விளிம்பில் பிறை வடிவில் சாய்வாக ஒரு தேய்ந்த தடம்.

மெல்கியோரின் கை நின்றது. அந்தப் பிறையைப் பதினோரு வருடம் அவர்தான் இதே திரையில் பார்த்துக் குறித்துவந்தார். அவர் மனைவி ரெஜினா படகில் நின்றபடி மீன் விற்றவள். அலைக்கு ஈடுகொடுக்க இடது காலில் சாய்ந்தே நிற்பாள். அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது.

"என்ன அண்ணாச்சி, ரொம்ப மோசமா?"

"இன்னொரு தரம் நடங்கம்மா."

நடந்தாள். இடது அடி ஒரு நொடி தயங்கி விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த அடியோசையைக் கேட்டார். வீட்டில் யாரோ அடுப்படிக்குப் போய்த் திரும்புவது போலிருந்தது.

"தலை சுத்துதா? காது மந்தமா இருக்கா?"

"ரெண்டும் இருக்கு. பிள்ளைக கேள்வி கேட்டா சில நேரம் காதுலயே விழல."

தேய்ந்த மூட்டின் உலோகப் பொடி ரத்தத்தில் கலந்திருந்தது. மூட்டை எடுத்து உருக்கிவிட வேண்டும். உருக்கிவிட்டால் இந்த நடை உலகத்தில் எங்கேயும் இருக்காது. திரையில், 'ஆறு மாதம் கழித்து' என்ற கட்டத்தின் மேல் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்து, 'உடனே அகற்றுக' என்பதை அழுத்தியது.

"நாளைக்கே எடுத்துரணும். எல்லாம் சரியாயிரும்மா."

மதியப் படகுக்கு இன்னும் நேரமிருந்தது. துறைவரை தானும் வருவதாகச் சொல்லி மெல்கியோர் எழுந்தார். மிதவை நடைபாதை தண்ணீரோடு மெல்ல ஏறி இறங்கியது. கீழே, மூழ்கிய கடைகளின் கூரைகளுக்கு மேலே மீன்கள் வெயிலைக் கலைத்துக்கொண்டு திரிந்தன.

பாதி வழியில் செண்பகவல்லி நின்றாள்.

"என் கூட யாரு நடந்தாலும் முந்திப் போயிருவாக, இல்லன்னா தோளு இடிக்கும். என் மகளுக்கே சரியா வராது. நீங்க மட்டும் எப்படி அடி மாறாம வாரிய?"

மெல்கியோர் தண்ணீரைப் பார்த்தார்.

"அது ரெஜினாவோடது," என்றார். "என் வீட்டுக்காரி."

துறையில் படகு வந்து சங்கு ஊதியது. செண்பகவல்லி அதைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த படகுல போறேன் அண்ணாச்சி. அந்தக் கோடி வரைக்கும் நடப்போமா?"