டேப்பின் மறுநுனி

"ஏனுங்க, சும்மாதான நிக்கறீங்க... இந்த நுனியைக் கொஞ்சம் புடிங்க."

ராஜ வீதியில் ஒரு பழைய கட்டடத்து வாசலில் மழைக்கு ஒதுங்கியவன் என்று நினைத்துத்தான் செவ்வந்தி அவனிடம் அளவு டேப்பை நீட்டினாள். கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி. டவுன்ஹால் பக்கத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து, இடிக்காதீர்கள் என்று மனுப் போடுவதுதான் இந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்தில் அவளுக்குப் படிப்பு, பைத்தியம் எல்லாம்.

கிருபாசங்கர் மறுபேச்சில்லாமல் பிடித்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பாவின் பம்ப் செட் பட்டறையில் நாற்பது பேரை ஏவுகிறவன், "நேராப் புடிங்க" என்ற அதட்டலுக்கு நேராகப் பிடித்தான். பூட்டியிருந்த கதவு எப்படித் திறந்தது என்றுகூட அவள் கேட்கவில்லை. தேக்குத் தூண், வண்ணக் கண்ணாடி ஜன்னல்... ஒவ்வொன்றுக்கும் அந்தக் கண்கள் விரிந்தன. அவன் கட்டடத்தையா பார்த்தான்?

மாடிக் கூடம் மட்டும் பாக்கி. அப்போது அவன் அப்பா அரங்கசாமி காரை விட்டு இறங்கினார்.

"சங்கரு, கான்ட்ராக்டர்கிட்ட சாவியக் குடுத்தாச்சா? திங்கக்கெழம இடிக்க ஆள் வருது."

செவ்வந்தியின் முகம் சுண்டிப்போனது. "உங்க கட்டடமுங்களா? இடிக்கப் போறதுக்கா இத்தன நேரம் கூட நின்னீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொட்டும் மழையில் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அவள் பேர் எழுதிய டேப் அவன் கையிலேயே தங்கிவிட்டது.

இரவெல்லாம் அந்தக் கண்கள்... மறுநாள் தனியாகப் போய், ஒரு நுனியில் செங்கல்லை வைத்து மாடிக் கூடத்தை அளந்தான். நேரே அப்பாவிடம் போனான். இடித்துவிட்டுக் காம்ப்ளெக்ஸ் கட்ட வேண்டாம், பம்ப் செட் கடையை அந்தக் கட்டடத்திலேயே வைக்கலாம், தானே உட்கார்ந்து நடத்துவதாகச் சொன்னான். மூன்று வருஷமாகக் கடைப் பேச்சை எடுத்தாலே நழுவியவன்! அரங்கசாமி மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, இடிக்கலை. ஆருடா கண்ணு அந்த அம்மணி?"

திங்கட்கிழமை, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வந்த செவ்வந்தி அப்படியே நின்றாள். கடப்பாரை இல்லை, ஆளில்லை. வாசலில் அவன் மட்டும், கையில் டேப்பும் ஒரு காகிதமும். நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். மாடிக் கூடத்து அளவை வாங்கிப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்வாளா?

"சுவத்துக் கனத்தை உட்டுப்போட்டீங்க."

"ஒத்தை ஆளா அளக்கறது கஷ்டமுங்க. அன்னைலிருந்து உங்க நெனப்பாவே இருக்குதுங்க, செவ்வந்தி. இனி நீங்க எங்க அளந்தாலும் மறுநுனிக்கு நான் வாரேன்... காலம் பூராவும்."

மழை மறுபடி தூறத் தொடங்கியது. அவள் டேப்பை வாங்கி, மெல்ல இழுத்து, நுனியை அவனிடமே நீட்டினாள்.

"நேராப் புடிங்க," என்றாள். இந்த முறை அதட்டல் இல்லை.