கரட்டு மேல் குள்ளர் வூடு

சவுரியப்பன் தும்மியதைத் தெரசா முதலில் கண்ணால்தான் பார்த்தாள். பலகைக்கல்லில் குடைந்திருந்த வட்டத் துளைக்குள் அவன் தலையும் தோளும் போயிருந்தன. இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே கிடந்து ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கால்கள் ஒருமுறை வெட்டிக் குலுங்கின. தும்மல் சத்தம் அதற்கு அப்புறம்தான், ஏரியின் எதிர்க்கரையில் யாரோ தும்மியதைப் போல, மெதுவாக வந்து சேர்ந்தது.

அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கல்லுக்குள் சத்தம் அப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டு, காற்றில் பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அதற்குள் செருப்பில்லாத அவன் பாதங்களும் துளைக்குள் போய் மறைந்திருந்தன.

எழுபத்து மூன்றாம் வருஷத்து மாசி மாதம் அது. தருமபுரி கடைத்தெருவில் சவுரியப்பனுக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. சேலத்தில் ஒருவர் சுற்றுலாப் புத்தகம் போடுவதாகச் சொல்லி, ஒகேனக்கல்லை விட்டுவிட்டு ஜனங்களுக்குத் தெரியாத இடங்களாகப் பார்த்துப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். அதியமான்கோட்டைக் கோயிலின் கூரை ஓவியங்கள், தீர்த்தமலைக்குப் போகும் வழியில் புதருக்குள் சாய்ந்து கிடந்த நடுகற்கள் என்று அவன் ஞாயிறுதோறும் அலைந்துகொண்டிருந்தான். இந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, "நீயும் வாயேன்" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, தூக்குப்போசியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு, பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை ஒட்டி உட்கார்ந்து வந்தபோது அவளுக்கு வயதே குறைந்துவிட்டதைப் போலிருந்தது.

கரட்டின் உச்சியில், காய்ந்த புல்லுக்கு நடுவே அந்தக் கல்வீடு நின்றது. மூன்று பக்கமும் வெறும் பலகைக்கல், கிழக்கே துளை போட்ட பலகைக்கல், மேலே மூடியாக ஒரு பெருங்கல். அவள் மார்பு உயரம்கூட இல்லை. உள்ளே ஒருவர் காலை மடக்கிப் படுத்தால் இன்னொருவருக்கு இடமிருக்காது. வழிகாட்டிக்கொண்டு வந்தவள் செல்லி என்ற ஆடு மேய்க்கிற பெண்.

"குள்ளருங்க கட்டுன வூடுன்னு சொல்லுவாங்க. யாரு பாத்தா? மழ வந்தா ஆடெல்லாம் இதுக்குள்ளதான் பூந்துக்கும். நானே எத்தினியோ வாட்டி பூந்திருக்கன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சரிவில் இறங்கிப் போன ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஃபிளாஷ் பல்பு ஒருமுறை வெட்டியது. கற்கள் சேரும் இடுக்கிலெல்லாம் வெள்ளைக் கோடாக வெளிச்சம் தெறித்தது. தெரசாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்லுக்குள் மின்னலைப் பிடித்து அடைத்தவன் தன் புருஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை இடுக்குகளில் ஒன்றும் தெரியவில்லை. துளையில் மட்டும், எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் மின்னுவதைப் போல மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து போயிற்று.

"முடிஞ்சுதுங்களா?"

"இரு தெரசா, இன்னும் போவுது."

"என்னங்க போவுது?"

"சுவருதான். வெள்ளையில படம் வரஞ்சிருக்காங்க. ஆளுங்க வரிசையா நடந்து போற மாதிரி. உள்ளாற போய்க்கிட்டே இருக்குது."

அவள் கல்வீட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கத்துக் கல் வெயிலில் சுட்டது. அதில் ஓணான் ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது. கல்லுக்கு அப்பால் கரடு, கரட்டுக்கு அப்பால் கேழ்வரகு அறுத்த வெறும் காடுகள், தூரத்தில் பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு மாட்டுவண்டி. உள்ளே போவதற்கு அங்கே இடமே இல்லை. அவள் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பலகைக்கல்லில் தட்டினாள்.

"கேக்குதுங்களா?"

"எங்க தட்டற? சத்தம் எனக்குப் பின்னால இருந்து வருது. ரொம்பப் பின்னால."

ஓடி வந்து துளைக்கு முன்னால் மண்டியிட்டாள். வெளியே காய்ந்த புல்லும் ஆட்டுப் புழுக்கையும் மணக்க, துளையிலிருந்து வந்த காற்று மட்டும் ஈரமாக, வெகுநாள் திறக்காத நெற்குதிருக்குள் தலையை விட்டால் வருகிற மக்கல் வாடையோடு அவள் முகத்தில் பட்டது. கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினாள். அவன் கால் தட்டுப்பட வேண்டும். பக்கச் சுவராவது தட்டுப்பட வேண்டும். குளிர்ந்த மண்தான் இருந்தது. அது கீழ்நோக்கிச் சரிந்து போயிற்று.

"போதுங்க. வெளிய வந்துடுங்க."

"வரேன். டார்ச்ச எடுத்துக்கறேன். திரும்பினா துளையக் காணோம்."

"நான் இங்கதாங்க இருக்கேன். சத்தம் வர்ற பக்கமா வாங்க."

"எல்லாப் பக்கமும் வருது தெரசா."

அவன் குரலில் சிரிப்பு இல்லை. அவள் எழுந்து சரிவைப் பார்த்துக் கத்தினாள். செல்லி ஆடுகளை விட்டுவிட்டு ஓடி வந்தாள். குனிந்து துளைக்குள் கூப்பிட்டாள். பதிலைக் கேட்டாள். அவள் கையிலிருந்த தொரட்டி நழுவி விழுந்தது. கல்வீட்டை ஒருமுறை சுற்றி ஓடிப் பார்த்துவிட்டு, "ஆளுங்களக் கூட்டியாரன்மா, நீ பேசிக்கிட்டே இரு, பேச்ச வுட்றாத" என்று சொல்லி இறங்கி ஓடினாள்.

தெரசா பேசிக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் பேரைச் சொன்னாள். 'அருள்நிறை மரியே' ஜெபம் சொன்னாள். நடுநடுவே அவன் "ம்" என்றான். ஒவ்வொரு "ம்"மும் முந்தியதைவிடத் தூரத்திலிருந்து வந்தது. கரட்டின் நிழல் நீண்டு கீழே காட்டில் விழத் தொடங்கியது. புல்லுக்குள் கேட்டுக்கொண்டிருந்த காடைச் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது அவன் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது.

"அப்பாடா. வந்துட்டியா? கையக் குடு."

"நான் வரலீங்க! வெளியதான் இருக்கேன்!"

அவள் துளைக்குள் முகத்தை நுழைத்தாள்.

"ஏங்க! நான் உள்ள வரலீங்க!"

"ஏன் இவ்ளோ சில்லுனு இருக்குது கை?" என்று அவன் கேட்டான். அவளிடம் கேட்கவில்லை.

செல்லியின் பின்னால் ஊரிலிருந்து நஞ்சப்பனும் கோவிந்தனும் இன்னும் சில ஆட்களும் கடப்பாறைகளோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். நஞ்சப்பன் கிணறு வெட்டுகிறவன். மண் சரிந்து ஆள் மாட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு வந்தவன், எதுவும் கேட்காமல் மூடிக்கல்லுக்கு அடியில் கடப்பாறையைக் கொடுத்தான். எல்லாரும் சேர்ந்து நெம்பினார்கள். கல் முனகி, அசைந்து, சரிந்து, பின்பக்கமாகப் புல்லில் விழுந்தது. தரை அதிர்ந்தது.

மாலை வெயில் கல்வீட்டுக்குள் முழுதாக இறங்கியது.

மட்டமான மண்தரை. காய்ந்த புழுக்கை. சருகு. சுவரில் மங்கிய வெள்ளைக் கோடுகள் கொஞ்சம். வேறு ஒன்றும் இல்லை.

நஞ்சப்பன் உள்ளே குதித்தான். காலால் தரையை உதைத்துப் பார்த்தான். கடப்பாறையால் குத்தினான். பாறையில் பட்டு 'ணங்' என்றது.

"ஒண்ணுமில்லீங்களே. அடியில பாறதான்."

"மெல்லப் போ தெரசா. கால் வழுக்குது" என்றது சவுரியப்பனின் குரல்.

குரல் துளையிலிருந்து வந்தது. எல்லாரும் கேட்டார்கள். கோவிந்தன் பின்னால் நகர்ந்தான்.

தெரசா துளைக்கு முன்னால் குனிந்தாள். உள்ளே இருட்டு. நஞ்சப்பன் அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான்; அவன் கால்கள் தெரிய வேண்டும். தெரியவில்லை. வெயில் தெரிய வேண்டும். தெரியவில்லை. வெகு ஆழத்தில், கீழே, டார்ச்சின் மஞ்சள் வட்டம் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் யோசிக்கவில்லை. தலையை உள்ளே கொடுத்தாள். தோள் கல்லில் உரசித் தோல் வழன்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நகத்தால் மண்ணைப் பற்றி, உடம்பை இழுத்துக்கொண்டு போனாள். இருட்டுக்குள் போய்விட வேண்டும். அவன் இருக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும்.

கண்ணைத் திறந்தபோது உள்ளங்கைக்கு அடியில் புழுக்கை இருந்தது. தலைக்கு மேல் வானம். பக்கத்தில் நஞ்சப்பனின் கால்கள்.

"எழுந்திரும்மா" என்றான் அவன்.

துளை அவளுக்கு வழி விடவில்லை. அவள் அழவில்லை. அந்தத் துளை வழியாகவே மறுபடி ஊர்ந்து வெளியே வந்தாள். திரும்பி, மண்டியிட்டு, பார்த்தாள். இருட்டு. டார்ச். இன்னும் சின்னதாக.

"ஏங்க!" என்று அலறினாள். "திரும்பிப் பாருங்க! நான் இங்க இருக்கேன்! அது நான் இல்லீங்க!"

டார்ச் நின்றது.

"தெரசா, கேட்டியா?" என்றான் சவுரியப்பன், தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதைப் போல. "மேல யாரோ உன்ன மாதிரியே கூப்புடறாங்க."

"ஆமாங்க" என்றது ஒரு குரல். "பேசாம வாங்க."

செல்லி திரும்பித் தெரசாவின் வாயைப் பார்த்தாள். நஞ்சப்பனும் பார்த்தான். அவள் உதடுகள் மூடியிருந்தன.

அவள் குரல்தான் அது. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது வருகிற குரல்.

"ஏங்க..." என்றாள் தெரசா.

"திரும்பிப் பாக்காத தெரசா" என்று அவன் தைரியம் சொன்னான். "நானும் பாக்கல. நட."

மஞ்சள் வட்டம் நகர்ந்தது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் அவன் முதுகு தெரிந்தது. தோளில் தொங்கிய கேமரா தெரிந்தது. அவன் கையைப் பிடித்திருந்த கை தெரிந்தது.

அவன் திரும்பவில்லை.

கூட நடந்துகொண்டிருந்தது திரும்பியது. டார்ச் வெளிச்சம் பக்கவாட்டில் பட, துளைக்கு வெளியே மண்டியிட்டிருந்தவளை நேராகப் பார்த்தது.

தெரசா மெல்லக் கையை உயர்த்தி, தன் முகம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.