மூடி பொருந்தாத பெட்டி

ரம்பத்தின் பிடி அவள் கையில் இருந்தது. நுனி அவன் கையில்.

பழைய சாமான் கடை அது. துருப்பிடித்த சாவிகளும் உடைந்த குழாய்களும் கிடந்த மரப்பெட்டிக்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டிருந்தார்கள்.

"நான்தான் முதல்ல பார்த்தேன்," என்றாள்.

"சரிங்க."

"சரின்னா விடணும்."

"பார்த்துட்டுத் தரேன்."

அவன் விடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஆணி கொட்டுவது போல் சத்தம். இனி அவசரப்பட்டு எங்கேயும் ஓட முடியாது.

"இது ஜப்பான் ரம்பம். இதை எப்படிப் பிடிக்கணும்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லுங்க... கேட்டுக்கறேன்."

சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சாதாரண ரம்பம் தள்ளும்போது அறுக்கும், இது இழுக்கும்போது அறுக்கும் என்றாள். அதனால்தான் தகடு இவ்வளவு மெல்லிசு, தள்ளினால் வளைந்துவிடும் என்றாள். ஒரு பக்கப் பல் மரத்தின் நார் போகிற போக்கில் அறுக்க, மறுபக்கப் பல் குறுக்கே அறுக்க என்றாள். பிடிக்கு அருகே இருந்த முத்திரையைக் கூடத் துடைத்துக் காட்டினாள். அவன் இமைக்காமல் கேட்டான். பெரிய, அமைதியான கண்கள். இடது இமை முடியில் ஒரு துளி மரத்தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாவது வாயை மூடியிருக்க வேண்டும்.

கடைக்காரர் தினசரியை மடித்து வைத்தார்.

"ஏம்மா, யாருக்கு வகுப்பு எடுக்கற? அவரு பன்னெண்டு வருஷமா இந்த மாதிரி ரம்பத்துலதான் கதவு ஜன்னல் எல்லாம் பண்றாரு."

கொல்லன் தெருவில் ஊசி விற்றவள் கதை அவள் கதை. காது மடல் வரைக்கும் சுட்டது.

"முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள், கோபமாக.

"நல்லா சொன்னீங்க. எனக்கு இவ்வளவு தெளிவா சொல்ல வராது." அவன் கேலி செய்கிற மாதிரியும் தெரியவில்லை. நுனியை விட்டான். "எடுத்துக்கங்க. எத்தனை வச்சிருக்கீங்க?"

"நாப்பத்தொண்ணு. உளி, இழைப்புளி, ரம்பம், சாணைக்கல் எல்லாம் சேர்த்து."

"அம்மாடி. என்னெல்லாம் செஞ்சிருக்கீங்க?"

இதுதான் அவள் பயந்த கேள்வி. நாற்பத்தொன்றும் எண்ணெய்த் தாளில் சுற்றி அவள் கட்டிலுக்கடியில் இருந்தன. வாரம் ஒருநாள் எடுத்துத் துடைப்பாள், தீட்டுவாள், உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பாள், திருப்பி வைப்பாள். ஒரு குச்சியைக் கூட அறுத்ததில்லை. அறுத்தால் கோணலாகிவிடும். கோணலாவதை விட, அறுக்காமலே இருப்பது மேல். ஏற்கெனவே ஒரு முறை அசடு வழிந்தாயிற்று. இரண்டாவது முறை முடியாது.

"பெட்டி," என்றாள். "சின்னதா... மூடி போட்ட பெட்டி."

"ஒருநாள் காட்டுங்க," என்றான் அவன்.

மழை விட்டது. பட்டறை பின்தெருவிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தான். ஒரு பொய்யும் ஒரு ரம்பமுமாக அவள் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னொண்ணா?" என்றாள் அம்மா. "கட்டிலுக்கடியில நாப்பத்திரண்டு ஆயுதம். பொண்ணு பார்க்க வர்றவன் வாசலோட ஓடிடுவான். உனக்கு மாப்பிள்ளையையும் ஜப்பான்லேர்ந்துதான் வரவழைக்கணும்."

அடுத்த சனிக்கிழமை அவள் கால்கள் பின்தெருவுக்குத்தான் போயின. பெட்டியைப் பற்றிக் கேட்டால், எடுத்துவர மறந்துவிட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தாள். அவன் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்தியது.

பட்டறை நடுவே எட்டு அடி நீளத்தில் ஒரு மேசைப் பலகை கிடந்தது. அவன் அக்கா ஒரு மூலையில் ஜன்னல் சட்டத்துக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் பழுப்பு நிறம்.

"இவங்கதான் உனக்கு ரம்பம் பிடிக்கச் சொல்லிக் குடுத்த டீச்சரா?" என்றாள் அக்கா.

அவளுக்குத் தரை பிளந்தால் தேவலை போல இருந்தது.

"அக்கா... சும்மா இரு." அவன் கையில் ஓர் இழைப்புளி இருந்தது. தடித்த மரக்கட்டைக்குள் சரிவாக நிற்கும் அகலமான பிளேடு. இதையும் தள்ளக்கூடாது, தன்னை நோக்கி இழுக்க வேண்டும். அவள் கட்டிலுக்கடியில் இதே மாதிரி ஆறு உண்டு. ஆனால் இந்தக் கட்டை கைப்பட்டுக் கைப்பட்டுக் கருத்திருந்தது. பிளேடின் வாயில் ஒரு சின்னப் பொக்கை.

"பலகைக்குள்ள பழைய ஆணி ஒண்ணு இருந்திருக்கு," என்றான். "திங்கட்கிழமை சாயங்காலம் மேசை போகணும். உப்புத்தாள் படக்கூடாது, இழைச்ச பளபளப்பே வேணும்னு கேட்டிருக்காங்க. இதை வச்சுத்தான் முடிக்கணும். நான் கால்களைச் செதுக்குவேனா, இதைத் தீட்டுவேனா..."

"நான் தீட்டித் தரேன்," என்றாள் அவள்.

இதில் பொய் இல்லை. அவள் வேலையே தீட்டுவதுதான். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் லேபில் ஒன்பது வருஷம். உலோகத்தை முகம் தெரியத் தேய்ப்பாள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடுக்கு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் செய்த பல் ஒன்று கூடத் திரும்பி வந்ததில்லை.

"பிளேடை மட்டும் எடுத்துட்டுப் போங்க," என்றான்.

"முழுசாக் குடுங்க. உக்கார்ற இடமும் பார்க்கணும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் திரும்பி இவள் கண்களைப் பார்த்தான்... கொடுத்துவிட்டான், இவள் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பொக்கை போயிற்று. பிளேடில் அவள் முகமே தெரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. கட்டையைத் திருப்பி, அதன் அடியில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் வெளிச்சம் ஒழுகியது. முன்பக்க விளிம்பும் பிளேடின் வாய்க்கு முன்னால் ஒரு கோடும்தான் ஸ்கேலைத் தொட்டன. மற்ற இடமெல்லாம் ஒரு காகிதம் நுழைகிற பள்ளம்.

பன்னிரண்டு வருஷத் தேய்மானம், பாவம், கவனிக்க நேரமில்லை என்று நினைத்தாள். அவனுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நெஞ்சு துடித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, கட்டையை அதன் மேல் வைத்துத் தேய்த்தாள். மூன்று மணி நேரம். தோள் கழன்றது. கடைசியில் ஸ்கேலுக்குக் கீழே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. உதிர்ந்த தூளைக் கூட வழித்துப் பொட்டலம் கட்டினாள். லேபில் தங்கத் தூளை வழித்து வைத்துப் பழகிய கை.

திங்கள் காலை வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பிளேடைப் பார்த்து விசில் அடித்தான். அந்த ஒரு விசிலுக்கு அவள் இன்னும் மூன்று மணி நேரம் தேய்த்திருப்பாள்.

சின்னச் சுத்தியால் தட்டிப் பிளேடை இறக்கினான். மேசையின் கோடியில் வைத்து இழுத்தான். ஒன்றும் வரவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னும் கொஞ்சம் இறக்கினான். வழுக்கியது. இன்னும் ஒரு தட்டு. இழுத்தான்.

சரக்கென்று ஒரு சத்தம். மேசையின் நடுவில் விரல் நீளத்துக்கு நார் பிய்ந்து எழுந்தது.

அக்காவின் பிரஷ் நின்றது. அவன் கட்டையைத் திருப்பி ஸ்கேலை வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அடியில ஏதாவது பண்ணீங்களா?"

"ஆமா," என்றாள் அவள், இன்னும் பெருமையோடு. "பள்ளமா இருந்தது. ஒரு மயிரிழை இடுக்கு கூட இல்லாம எடுத்துட்டேன்."

"இடுக்கு இருக்கணும்ங்க." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பாள். "ரெண்டே ரெண்டு கோடுதான் மரத்தைத் தொடணும். முழுசா ஒட்டினா பிளேடு மரத்தைப் பிடிக்காது. வேணும்னே எடுக்கற பள்ளம் அது."

"மூணு நாள் உக்காந்து சுரண்டிச் சுரண்டிப் பதம் பார்த்தான்," என்றாள் அக்கா. "குரங்கு கைல பூமாலையக் குடுத்த மாதிரி..."

"அக்கா."

நாற்பத்திரண்டு கருவிகள். ஆறு இழைப்புளிகள். ஒன்றை ஒரே ஒரு தடவை மரத்தின் மேல் வைத்து இழுத்திருந்தால் தெரிந்திருக்கும். "லேபுக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினாள். தெருமுனை திரும்பியதும் ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டான். ஒன்பது நாள், ஒன்பது அழைப்பு. திட்டுவதற்குத்தானே? திட்டட்டும், அது நியாயம். ஆனால் திட்டாமல், அன்று மாதிரி மெதுவாகப் பேசிவிட்டால்? மேசையில் எழுந்து நின்ற அந்த நார் கண்ணை மூடினாலும் தெரிந்தது. லேபுக்கு முதன்முறையாக அவள் செய்த பல் ஒன்று திரும்பி வந்தது. கடவாய்ப் பல், இடுக்கு.

"யாருடி அது, தினம் ஆறு மணிக்குக் கூப்பிடறது?" என்றாள் அம்மா.

"தப்பான நம்பர்."

"தப்பான நம்பருக்கு இவ்வளவு விசுவாசமா?"

மூன்றாம் நாளே அவள் கட்டிலுக்கடியில் கை விட்டிருந்தாள். பழைய பழப்பெட்டி ஒன்றின் பலகைகளைப் பிரித்து, எண்ணெய்த் தாளை உரித்து, அந்த ரம்பத்தை எடுத்து முதன்முறையாக இழுத்தாள். கோடு ஒரு பக்கம் போனது, ரம்பம் ஒரு பக்கம் போனது. உளி இடது கட்டை விரலைப் பதம் பார்த்தது. முகம் பார்த்த பிளேடில் பிசின் அப்பியது. ஒவ்வொன்றும் அவள் பயந்த மாதிரியே கோணலாக வந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, கேலி பேசாமல், விரலுக்குக் கட்டுத்துணி கொண்டுவந்து வைத்தாள்.

பத்தாம் நாள் புதன்கிழமை... தூறல். பட்டறைக் கதவு திறந்திருந்தது. மேசை இருந்த இடம் காலியாக இருந்தது.

அவன் நிமிர்ந்தான். அவள் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தாள். ஒரு பெட்டி. நாலு மூலையிலும் வெளிச்சம் தெரிந்தது. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் குட்டை. மூடி அதன் மேல் உட்கார மறுத்துச் சாய்ந்து கிடந்தது.

"இதுதான் நான் சொன்ன பெட்டி," என்றாள். தரையைப் பார்த்தே பேசினாள். "அன்னிக்கு இது கிடையாது. எதுவுமே கிடையாது. வாங்கி வாங்கித் துடைச்சு வச்சதுதான். உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்தப் பொய்யக் காப்பாத்தத்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி உங்க இழைப்புளிய வாங்கிட்டுப் போனேன்... உள்ள ஒரு பொட்டலம் இருக்கு."

அவன் பிரித்தான். கருத்த மரத்தூள்.

"இது என்ன?"

"உங்க கட்டையில இருந்து நான் தேய்ச்சு எடுத்தது. திருப்பி ஒட்ட முடியாதுன்னு தெரியும். என்கிட்ட இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்தது. பலகை மேல் இருந்த இழைப்புளியை எடுத்துத் திருப்பி, ஸ்கேலை வைத்து அவள் கண்ணெதிரே பிடித்தான். நடுவில் மெல்லிசாக வெளிச்சம் ஒழுகியது.

"பள்ளம் எடுக்கறதுக்கு முன்னாடி அடியை முழுசாத் தட்டையாக்கணும்," என்றான். "கஷ்டமான பாதி அதுதான். நீங்க கண்ணாடி மாதிரி பண்ணி வச்சிருந்தீங்க. மீதிய நான் ஒரே மத்தியானத்துல சுரண்டி முடிச்சேன். இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்... ஒன்பது தடவை."

"மேசை?"

"பிய்ஞ்ச இடம் போறவரைக்கும் மொத்தமா இழைக்க வேண்டியதாப் போச்சு. ஒருநாள் லேட். திட்டு வாங்கினேன்." பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை அவன். "கட்டையில பிளேடு வெளிய வர்ற வாயும் கொஞ்சம் பெரிசாயிடுச்சு. உங்களுக்கு இருக்கற மாதிரி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

"பெட்டி இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றான் அவன். "உங்க கையில ஒரு தழும்பு கூடக் கிடையாது." இப்போது கட்டுப்போட்ட அந்தக் கட்டை விரலைப் பார்த்தான். பார்வையை உடனே திருப்பிக்கொண்டான். "நானும் ஒண்ணு சொல்லணும். அந்த ரம்பம்... அது எனக்குத் தேவையே இல்ல. அதே மாதிரி மூணு இருக்கு."

"அப்புறம் ஏன் விடாமப் பிடிச்சீங்க?"

அவன் கழுத்து சிவந்தது. "மறுபக்கம் நீங்க பிடிச்சிருந்தீங்க இல்ல..."

தூறல் வலுத்தது. பேச்சை மாற்ற வழி தெரியாமல் அவன் பெட்டியை எடுத்து வாசலுக்கு நேரான அலமாரியில், எல்லார் கண்ணிலும் படுகிற தட்டில் வைத்தான்.

"ஐயோ, அங்க வேணாம். வர்றவங்க பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

"இவ்வளவு கோணலா யார் செஞ்சதுன்னு கேட்பாங்க."

"கேட்டா என்ன சொல்லட்டும்?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். நாலு மூலையிலும் இடுக்கு. உலகத்துக்கே தெரிகிற மாதிரி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

"கட்டிக்கப் போறவ செஞ்சதுன்னு சொல்லுங்க," என்றாள்.

அவன் மூடியைக் கையில் எடுத்தான். திருப்பி வைத்தான். மறுபடியும் எடுத்தான்.

ஜன்னல் சட்டத்துக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சரின்னு சொல்லித் தொலைடா. பிரஷ் காயுது."

"சரிங்க," என்றான் அவன்.